பின்சந்து லோங்காங்கும் நாலு மழையும்

மூன்று நாள் மழை பெய்யக் கூடாது. நாலாவது நாள் பெய்ய வேண்டும். அதுவும் நான் அந்த இடத்தில் நிற்கும்போது பெய்ய வேண்டும். என் வேலை அவ்வளவுதான். கோலாலம்பூரில் இதைவிட முட்டாள்தனமான வேலை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே வானம் யாரைக் கேட்டுப் பெய்கிறது?

பதினாறு வருஷமாக லோங்காங் தண்ணீரைப் போத்தலில் பிடித்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்து வருகிறேன். படிவத்தில் வடிகால் என்று எழுதுவோம். வாய் சொல்வது லோங்காங்தான். மழை விழுந்த முதல் அரை மணி நேரத்தில் ஓடி வருகிற தண்ணீர்தான் எங்களுக்கு வேண்டும். மூன்று நாளாக ரோட்டில் சேர்ந்த அழுக்கு முழுவதும் அதில்தான் வரும். கார் எண்ணெய், டயர் தூசி, எலிப் புழுக்கை, யாரோ மீன் கழுவிய தண்ணீர், யாரோ துப்பிய எச்சில். அதற்குப் பிறகு வருவது வெறும் மழை. வெறும் மழையை யாரும் டெஸ்ட் பண்ணச் சொல்வதில்லை.

மழையை அழகு என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். ஒரு நாள் என்னோடு வந்து முழங்கால் வரை அந்தத் தண்ணீரில் நிற்கட்டும், பிறகு சொல்லட்டும். ஆனால் மழைக்கு முன்னால் வருகிற ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். வேனைச் சந்து முனையில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். வெயில் பழுத்து மஞ்சளாகும். அந்த மஞ்சளுக்குள் சாம்பல் கலக்கும். தலைக்கு மேலே மோனோரயில் சத்தமே இல்லாமல் போவது போல இருக்கும். பூக்கடை மல்லிகை வாசனை மேலே எழும்பாமல் தரையோடு படுத்து வரும். காக்கைகள் கத்துவதை நிறுத்திவிடும். எனக்கு அரைத் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தில் ஊர் முழுவதும் என் பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். கூரைகள், ரோடுகள், மேம்பாலங்கள், கார் நிறுத்தும் இடங்கள், எல்லாம் ஒரே பெரிய தட்டு. அந்தத் தட்டில் சேர்ந்ததெல்லாம் முதல் சொட்டுக்காகக் காத்திருக்கும். நானும் அதோடு சேர்ந்து காத்திருப்பேன். அப்போது மட்டும் எனக்கு யார் மேலும் கோபம் இருக்காது.

போன வருஷம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பின்சந்தில் வேலை வந்தது. சந்து நாறுகிறது என்று புகார். புகார் கொடுத்தவர்கள் சந்தின் மேல் முனையில் இருக்கிற அடுக்குமாடிக் கட்டடத்துக்காரர்கள். அவர்கள் கை நீட்டியது சந்தின் நடுவில் இருந்த ஒட்டுக்கடையை. ஓர் அக்கா பதினோரு வருஷமாக அங்கே வடையும் தேயும், அதாவது டீயும், விற்றுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது தாண்டியவர், தனி ஆள். அந்தக் கடையை எடுத்துவிட்டால் அவருக்குச் செய்ய வேறு வேலை கிடையாது.

எங்களை அமர்த்திய மாநகர மன்ற அலுவலகம் ஒரு கணக்குப் போட்டது. இரண்டு இடத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும். ஒன்று, கட்டடத்துக்கு அடியிலிருந்து லோங்காங் வெளியே வருகிற வாய். இன்னொன்று, அக்கா கடையைத் தாண்டி நாலு அடி கீழே. மூன்று மழை. இரண்டு மழையில் கீழ்த் தண்ணீர் மேல் தண்ணீரைவிட மோசமாக இருந்தால் கடையை எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் கட்டடத்துக் குழாய்களைத் தோண்டிப் பார்ப்பார்கள்.

முதல் மழையில் நான் குனிந்து நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏ தங்கச்சி, லோங்காங்குல என்னா தேடுற? தோடு விழுந்துருச்சா?"

"தண்ணி புடிக்கிறேன் அக்கா."

"குடிக்கவா?"

"டெஸ்ட் பண்ண."

"இதுல டெஸ்ட் பண்ண என்னா இருக்கு? பார்த்தாலே தெரியுது நாறத் தண்ணின்னு. இதுக்குப் போயி ஆளு வச்சு, வேன் வச்சு, பூட்ஸு போட்டுக்கிட்டு..." என்று சொல்லிக்கொண்டே என் தலைக்கு மேல் குடை பிடித்தார். எனக்கு யாரும் குடை பிடித்ததில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. குடையிலிருந்து வடிகிற தண்ணீர் போத்தலில் விழுந்தால் என் வேலை கெட்டுப்போகும். தள்ளி நில்லுங்கள் என்று கத்தினேன். அவர் தள்ளி நின்று சிரித்தார்.

எங்களுக்கு இரண்டு விதி உண்டு. தண்ணீர் எடுக்கிற இடத்தில் சாப்பிடக் கூடாது. எடுக்கப்போகும் நாளை அங்கே இருப்பவர்களிடம் சொல்லக் கூடாது. முதல் விதியை அன்றைக்கே உடைத்தேன். சூடான தே, இரண்டு மசால் வடை. ஈரச் சட்டையோடு பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

முதல் மழையில் கீழ்த் தண்ணீர் மோசம் என்று வந்தது. இரண்டாவது மழையில் மேல் தண்ணீர் மோசம். மலக்கிருமிகள் அவ்வளவு இருந்தன. மூன்றாவதுதான் முடிவு. அப்போதுதான் இரண்டாவது விதியையும் உடைத்தேன். வடை தின்ற வாய் சும்மா இருக்காது. "அக்கா, இன்னும் ஒரே ஒரு மழை. இந்த வாரம் வெள்ளி இல்லாட்டி சனி. அதோட முடிவு தெரிஞ்சிரும்" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்படியா? அன்னைக்கு ஆபீஸ்ல பாப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு இடி இடித்தது. முதலில் மேல் வாயில் பிடித்தேன். கறுப்புக் காப்பி நிறத்தில் தண்ணீர் சுழன்று வந்தது. அதன் மேல் எண்ணெய் வானவில் நெளிந்தது. ஒரு செவ்வந்திப் பூ அந்த வானவில்லின் மேல் உட்கார்ந்து மெதுவாகச் சுற்றியபடி போனது. போத்தலை மூடிவிட்டு அந்தப் பூவோடு சேர்ந்து சந்தில் கீழே நடந்தேன்.

கடைக்குப் பத்தடி முன்னாலேயே வாடை வந்துவிட்டது. நீச்சல் குளத்து வாடை. லோங்காங்கின் சிமெண்டு வெளுத்துப் பளபளவென்று இருந்தது. பாசி இல்லை, சோற்றுப் பருக்கை இல்லை. அக்கா கையில் ஈர்க்கு விளக்குமாறோடு, வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார். எனக்காக ஒரு சிவப்பு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அதன் மேல் ஒரு துண்டு கூட விரித்திருந்தார்.

"வா வா. பாரு எப்படி இருக்குன்னு. காலையில இருந்து தேய்ச்சேன்."

"என்னாக்கா ஊத்துனீங்க?"

"பிளீச்சு. ரெண்டு போத்தல் முழுசா. அப்புறம் மஞ்சத் தண்ணியும் தெளிச்சேன்."

"எப்ப ஊத்துனீங்க?"

"இப்பத்தான், இடி இடிச்சதும். முன்னாடியே ஊத்துனா காஞ்சிரும்லா."

"யாருக்கா உங்கள ஊத்தச் சொன்னது?" சந்து முழுவதும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவருக்குப் புரியவில்லை. "ஆபீஸ்ல பாக்கப் போறாங்கன்னு நீதானே சொன்ன? ஒரு ஆளு வீட்டுக்கு வந்தாலே வாசல் கழுவுறோம். இத்தன பேரு பாக்கப் போறாங்க, அப்படியே நாறப் போட்டு வைக்கவா?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் மழை காத்திருக்காது, அந்த முதல் அரை மணி நேரமும் காத்திருக்காது. குனிந்து பிடித்தேன். கிருமிக்கென்று இருக்கிற போத்தலில் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி இருக்கும். தண்ணீரில் பிளீச் இருந்தால் அதை முறித்துவிடும். ஆனால் பிளீச் ஏற்கெனவே கொன்றதை அந்தப் பொடி எழுப்பாது. நான் பிடித்தது செத்த தண்ணீர்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தச் செத்த தண்ணீர் அக்காவுக்கு நல்லது. மேலே அழுக்கு, கீழே சுத்தம் என்று முடிவு வரும். கடை தப்பிக்கும். நான் படிவத்தில் குறிப்பு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் போதும். நாற்றம் படிவத்தில் தெரியாது.

ஆய்வுக்கூடம் ஷா ஆலாமில். பெடரல் நெடுஞ்சாலையில் மழையோடு வாகனங்கள் நகரவே இல்லை. முன்னால் சிவப்பு விளக்குகள் தண்ணீரில் கரைந்து நீளநீளமாகத் தொங்கின. வைப்பர் போய் வரும் சத்தத்தில் எனக்கு மறுபடி அந்த அரைத் தூக்கம். என் வீடு கிள்ளானில். பிரிக்பீல்ட்ஸ் லோங்காங் ஆற்றில் விழுகிறது, ஆறு வளைந்து வளைந்து எங்கள் ஊருக்குத்தான் வருகிறது. அந்தச் செவ்வந்திப் பூ இருட்டான கால்வாய்களுக்குள் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பாலங்களுக்கு அடியில், தொழிற்சாலைச் சுவர்களுக்குப் பின்னால். அதோடு கூடவே கட்டடத்துக் குழாயிலிருந்து ஒழுகியது, அக்காவின் எண்ணெய், அக்காவின் மஞ்சள், எல்லாம் ஒன்றாகப் படுத்தபடி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். அங்கே என் வீட்டு முன்னால் ஒரு பையன் தூண்டில் போடுவான். அவனிடம் போய்ச் சுத்தம் என்று கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்ட முடியுமா?

வண்டியை ஓரம் கட்டினேன். குறிப்பில் எழுதினேன்: கடைக்காரர் மழைக்கு முன் பிளீச் ஊற்றினார். தண்ணீர் எடுக்கும் நாளை முன்கூட்டி அவரிடம் சொன்னது நான். கீழ் மாதிரி செல்லாது.

ஆய்வுக்கூடத்தில் கெமிஸ்ட் தமிழ்நாட்டுக்காரர். வேலை பர்மிட்டில் வந்தவர், என்னைவிடச் சின்னவர். படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஏன் மேடம் உங்களுக்கு இந்த வேண்டாத வேலை? ரெண்டாவது வரிய நீங்க எழுதவே தேவையில்லையே. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்லா."

"சரி, நான் கிருமிய வளர்த்துப் பாக்குறேன்" என்றார். மறுநாள் போனில் கூப்பிட்டார். "ஒண்ணுமே முளைக்கல மேடம். உயிரே இல்லாத சாக்கடைய நான் என் சர்வீஸ்லயே பாத்ததில்ல. நீங்க எழுதாம விட்டிருந்தாலும் நான் கேட்டிருப்பேன்." பிறகு, "எழுதுனது நல்லதுதான்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதை விடுங்கள். அலுவலகம் சொன்னது இதுதான்: மாதக் கடைசிக்குள் இன்னொரு மழை பிடித்துத் தரலாம். இல்லாவிட்டால் கடைக்காரர் ஆதாரத்தைக் கெடுத்தார் என்று எடுத்துக்கொண்டு கடையை அகற்றுவார்கள். பதினோரு நாள் இருந்தது.

அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். போனில் சொல்லியிருந்தால் எனக்கு வசதி, அதனாலேயே நேரில் போனேன்.

"நீதானே எழுதுன?"

"ஆமா."

"என் கையால தின்னுட்டு எழுதுன."

"ஆமாக்கா."

"சுத்தம் பண்ணது குத்தமா? ஊர்ல உலகத்துல கழுவுனவளப் புடிச்சு உள்ள போடுறாங்களா? அசிங்கம் பண்ணவன் மேல ஏசி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்." பிறகு வடைச் சட்டியைப் பார்த்தபடி சொன்னார், "போ. இனிமே இங்க தே கேக்காத."

நான் போனேன். ஆனால் தினமும் வந்தேன்.

சித்திரை மாதம். தினமும் நாலு மணிக்கு மழை. மூன்று காய்ந்த நாள் வேண்டுமென்றால் எங்கே போவது? முதல் நாள் பெய்தது, கணக்குப் பூஜ்யம். இரண்டாம் நாள் காய்ந்தது, மூன்றாம் நாள் பெய்தது, மறுபடி பூஜ்யம். வேனுக்குள் உட்கார்ந்து மழையைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அக்கா கடையிலிருந்து என்னைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்ப்பார். நான் அவரைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்ப்பேன். ஒரு மதியம் இரண்டு பேரும் அப்படி ஒரே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது பெரிய எருமை மாதிரி மெல்ல மெல்ல நகர்ந்து, ரயில் பாதைகளைத் தாண்டி, பங்சார் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. அங்கே பெய்தது எங்களுக்குத் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு திரை தொங்கியது. பிரிக்பீல்ட்ஸில் வெயில். சந்தில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அன்றைக்குத் தப்பித்தோம். ஆனால் நான் கும்பிடாத சாமி இல்லை, கும்பிட்டது எதற்கு என்று எனக்கே குழப்பம். பெய்யாதே என்றா, பெய் என்றா?

அதற்குப் பிறகு சொல்லிவைத்த மாதிரி காய்ந்தது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். கடைசி நாளில் ஒன்றும் இல்லாத வானம். ஐந்து மணிக்கு மேல்தான் மஞ்சள் வந்தது, பின்னாலேயே சாம்பல் வந்தது.

நான் வேனிலிருந்து இறங்கிக் கடைக்குப் போனேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரங்களை ஒரு மூலையில் அடுக்கி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லோங்காங் பக்கமே போகக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார் போல.

"அடுப்பப் பத்த வைங்க" என்றேன்.

"எதுக்கு?"

"தினமும் இந்நேரத்துக்கு என்னா செய்வீங்களோ அத செய்யுங்க. வடை சுடுங்க. பாத்திரம் கழுவுங்க. கழுவுன தண்ணிய ஊத்துற எடத்துலயே ஊத்துங்க."

"உனக்குக் கிறுக்கா? இப்பப் போயி லோங்காங்குல எண்ணெய ஊத்தச் சொல்றியா?"

"தினமும் ஊத்துறீங்கதானே?"

அவர் அணைந்த அடுப்பைப் பார்த்தார்.

"இன்னைக்கு மட்டும் ஊத்தலன்னா அதுவும் பொய்தான்க்கா. நான் மறுபடி எழுத வேண்டி வரும்."

என்னை முறைத்துக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தார். வடை தட்டினார். வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து நாலு வடை பொங்குஸ் கேட்டார், கட்டிக் கொடுத்தார். இடி இடித்தது. அவர் அலம்பல் வாளியைத் தூக்கினார். தினமும் பார்க்காமலே கவிழ்க்கிற வாளி அது. அன்றைக்கு முதலில் அதற்குள் பார்த்தார். யாருடைய உடம்பிலிருந்தோ ரத்தம் எடுப்பதைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கவிழ்த்தார்.

பிறகு மழை விழுந்தது. பெரிய பெரிய சொட்டுகள், சந்தின் சூட்டில் பட்டு ஆவி எழும்பியது. தரை முழுவதும் வெள்ளையாகப் புகைந்தது. அந்தப் புகைக்குள் நான் மேலே ஓடினேன், பிடித்தேன், கீழே ஓடி வந்தேன், பிடித்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. என் கைகள் என்னுடையவை மாதிரி இல்லை, தாமாக மூடியைத் திறந்தன, வாயைத் தொடாமல் நிரப்பின, மூடின. நிமிர்ந்தபோது அக்கா மழையில் குடை இல்லாமல் நின்று அந்தப் போத்தல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மூன்று, கீழே மூன்று, ஆறு போத்தல். அவருடைய கடை அதற்குள் இருந்தது.

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. மலக்கிருமி மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவே. கடை அதில் எதையும் கூட்டவில்லை. ஆனால் எண்ணெய் மேலே கொஞ்சம், கீழே பல மடங்கு. புகார் நாற்றத்தைப் பற்றியது; நாற்றத்துக்குக் காரணம் கட்டடத்து மலக்குழாய். எண்ணெய்க்குக் காரணம் அக்கா. அலுவலகம் இரண்டு கடிதம் அனுப்பியது. கடை இருக்கலாம், ஒரு மாதத்துக்குள் எண்ணெய் பிடிக்கிற பெட்டி வைக்க வேண்டும். கட்டடம் உடனே குழாயைச் சரிபார்க்க வேண்டும்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடை இருக்கலாம் என்ற இடத்தில் அவர் பலகையில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் என்ற இடத்தில் எழுந்துவிட்டார். "நான் என்னா பெட்ரோல் கம்பெனியா நடத்துறேன்?" என்று சண்டைக்கு வந்தார். ஆனால் பெட்டி வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். பகல் நேரம், மழை வருகிற வானம் இல்லை. என்னைப் பார்த்ததும் அக்கா கூப்பிட்டார். தே கொடுக்கவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்தார். தண்ணீரின் மேல் வெள்ளையாக, கெட்டித் தயிர் மாதிரி ஓர் ஏடு மிதந்தது. மேலே எழுந்த வாடையில் இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

"ஒரு வாரத்துது. இதெல்லாம் என்னோடதா?"

"உங்களோடதுதான்."

"பதினோரு வருஷமாவா?"

"ஆமா."

அவர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். எதையோ கூட்டிப் பெருக்கிப் பார்க்கிற முகம். பிறகு மூடியைப் போட்டுக் காலால் அழுத்திவிட்டு, கட்டடத்தின் பக்கம் தாடையை நீட்டினார்.

"மேல அவனுங்க?"

"ஒண்ணும் செய்யல. போன மழையில வேற ஆளு புடிச்ச தண்ணியும் அப்படியேதான் வந்துச்சு."

"அப்ப அவனுங்ககிட்ட போயி கத்து. என்கிட்ட மட்டும் நல்லா கத்துனல்ல?"

கட்டடத்து நிர்வாக அலுவலகம் இரண்டாம் மாடியில். எனக்கு அங்கே வேலை எதுவும் கிடையாது, யாரும் போகச் சொல்லவும் இல்லை. படியேறினேன். மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறோம் என்று கதவில் அட்டை தொங்கியது. மணி நாலு. வெளியே ஒரு நாற்காலி கிடந்தது. அதைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டு, உட்கார்ந்துகொண்டேன்.